எப்படியும் விழப்போகும் கல்

2013 அக்டோபரில் இணையத்தில் பரவிய ஒரு காணொளியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கோப்ளின் வேலி பூங்கா. சாரணர் பையன்களைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர்களில் ஒருவர், ஒல்லியான தண்டின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பாறையை முழுபலத்தோடு தள்ளுகிறார். பாறை அசைகிறது, சாய்கிறது, உருண்டு கீழே விழுகிறது. தள்ளியவர் கையை உயர்த்திக் கொண்டாடுகிறார். படம் பிடிப்பவரும் சேர்ந்து குதூகலிக்கிறார். அவ்வளவுதான் காணொளி.

உலகம் முழுவதிலிருந்தும் வசவு வந்தது. கொலை மிரட்டல்கூட வந்ததாம். சாரணர் இயக்கம் அவர்களை நீக்கியது. மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் இது: கல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, கீழே பிள்ளைகள் நடக்கிறார்கள், யார் தலையிலாவது விழுவதற்குள் நாங்களே தள்ளிவிட்டோம். 2016இல் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் 'டக்பில்' என்று மக்கள் கொஞ்சிய ஒரு மணற்கல் தூணைச் சிலர் தள்ளி உடைத்தபோதும் ஏறக்குறைய இதே நியாயம்தான் சொல்லப்பட்டது. அந்தக் கல்லால் நண்பன் ஒருவனின் கால் முறிந்ததாம்.

கோப்ளின் வேலி காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஆனால் எதற்குக் கோபம் என்று என்னையே கேட்டால் பதில் நேராக வருவதில்லை. கல்லுக்கு வலிக்காது. யாருக்கும் காயமில்லை. அந்தக் கல் இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் தானாகவே விழுந்திருக்கும். விழத்தானே போகுது, அப்புறம் என்ன?

பத்திரிகைகள் அப்போது திரும்பத் திரும்ப எழுதியது 'பதினேழு கோடி ஆண்டுப் பழமையான பாறை' என்று. இது எனக்குச் சரியான காரணமாகப் படவில்லை. பதினேழு கோடி ஆண்டுக்கு முன் படிந்தது அந்த மணல். தண்டும் தலையுமாய் நின்ற உருவம் அதைவிட மிக மிக இளையது. வயதுதான் அளவுகோல் என்றால் நம் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் அதைவிட மூத்தது. அதை வெடிவைத்து உடைத்துத்தான் நெடுஞ்சாலை போடுகிறோம், அடுக்களை மேடையில் பதிக்கிறோம். அந்த வெடிச்சத்தத்துக்கு யாரும் அழுததில்லை. அழகு என்ற காரணமும் அதிக தூரம் வராது. அந்தப் பள்ளத்தாக்கில் அதேபோல ஆயிரக்கணக்கான கல்பூதங்கள் நிற்கின்றன. ஒன்று குறைந்ததால் அழகு எத்தனை சதவீதம் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியைச் சும்மா தத்துவ விளையாட்டாகத்தான் நான் வைத்திருந்தேன், நியூ மெக்சிகோவில் உள்ள பிஸ்டி டி-நா-ஸின் என்ற வனாந்தரத்தில் நடக்கும்வரை. என் பெரியம்மா மகன் அல்புகர்க்கி நகரில் பொறியாளராக இருக்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் அக்டோபர் காலை, மூன்று மணி நேரம் காரோட்டி என்னை அங்கே கூட்டிப்போனார். கடைசிப் பகுதி புழுதிச் சாலை. அதன் முடிவில் முள்வேலி, ஒரு சின்ன அறிவிப்புப் பலகை. அதற்கப்பால் பாதை கிடையாது. ஒற்றையடிப் பாதைகூட இல்லை. ஏறக்குறைய 45,000 ஏக்கர், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுக்கு நான்கு லிட்டர் முதுகில் சுமந்துகொண்டு, ஜிபிஎஸ் கருவியை நம்பி நடக்க ஆரம்பித்தோம்.

இந்த மாதிரி நிலத்தை ஆங்கிலத்தில் பேட்லேண்ட்ஸ் என்கிறார்கள், கெட்ட நிலம். உழ முடியாது, வீடு கட்ட முடியாது, நேராக நடக்கவும் முடியாது என்பதால் வந்த பெயர். நம் இலக்கியத்தில் பாலை என்பது முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து வருவது. இந்தப் பாலை வேறு ஜாதி. இதைச் செதுக்கியது வெயிலைவிட மழை. எப்போதாவது வரும் மழை, ஆனால் வந்தால் களிமண்ணை வாரிக்கொண்டு போகும் மழை. இறுகிய மண்ணின்மேல் கடினமான கல் ஒன்று குடைபோல இருந்தால், அதற்கு அடியில் இருக்கும் மண் மட்டும் தப்பிக்கிறது. சுற்றியுள்ளது கரைகிறது. இப்படித்தான் தொப்பி வைத்த காளான் மாதிரி 'ஹூடூ' என்ற கல்தூண்கள் உண்டாகின்றன. பிறகு தண்டும் மெலிந்து, ஒரு நாள் தொப்பி விழும். தொப்பி போனதும் தண்டு சில மழைக்குள் கரைந்துவிடும்.

தரை சாம்பல் நிறம். எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த களிமண், காய்ந்து பொரிப்பொரியாக உப்பியிருக்கிறது. அரிசிப்பொரியின்மேல் நடப்பதுபோல் ஒவ்வோர் அடிக்கும் நொறுங்கும். நடுவே கறுப்புக் கோடுகளாக நிலக்கரி. சில மேடுகளில் செங்கல் உடைத்துக் கொட்டியதுபோல் சிவப்புச் சில்லுகள். எப்போதோ நிலக்கரி அடியிலேயே தீப்பிடித்து எரிந்து, மேலிருந்த களிமண்ணைச் சூளைபோல் சுட்டதன் மிச்சம் அது. அங்கங்கே கல்லாகிப்போன மரங்கள். வேரோடு நிற்கும் அடிமரம், படுத்துக் கிடக்கும் நீண்ட தண்டு. பட்டையின் வரிகூடத் தெரிகிறது. ஏழு கோடி ஆண்டுக்கும் முன் இது ஒரு கடலோரச் சதுப்புக்காடு. கோலசிலாங்கூர் பக்கம் அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வெக்கையையும் சேற்றையும் ஓரளவு ஊகிக்க முடியும். இப்போது ஈரம் என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை.

பிஸ்டி என்ற பெயர் நவஹோ மொழியிலிருந்து வந்தது. களிமண் உருவங்களுக்கு நடுவே என்று பொருள் சொல்கிறார்கள். டி-நா-ஸின் என்பது அவர்கள் மொழியில் கொக்கு. அதற்குத் தெற்கே பாறையில் கொக்குகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே, ஆளில்லா நிலம், கைபடாத நிலம் என்று நாம் பெருமூச்சு விடுவதில் கொஞ்சம் பொய்யும் இருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே இன்றைக்கும் நவஹோ குடும்பங்கள் வாழ்கின்றன, ஆடு மாடு மேய்க்கின்றன.

இரண்டு மணி நேரம் நடந்த பிறகு 'உடைந்த முட்டைகள்' என்று பெயர் வாங்கிய இடத்துக்கு வந்தோம். தரையில் பெரிய முட்டைகள் வெடித்துக் கிடப்பதுபோல் புள்ளி புள்ளியான கற்கள். பக்கத்தில் என் தோளுயர ஹூடூ ஒன்று. தண்டு என் மணிக்கட்டைவிடச் சற்றுத்தான் தடிமன். மேலே தட்டையான பழுப்புக் கல். அண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பொறியாளர் கண்.

"இது இந்தக் குளிர்காலம் தாண்டாது தம்பி. பாரு, விரிசல் உள்ள போயிருச்சு."

நான் கோப்ளின் வேலி கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "விழப்போறதுதானே, அதுக்கு ஏன் ஜெயில் அளவுக்குப் போகணும்?" என்றார். ஜெயில் இல்லை, நன்னடத்தைக் காவல்தான் என்று திருத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அவருக்கு நான் அங்கே சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப்பார்க்கிறேன். 1797இல் வந்த ஒழுக்கவியல் நூலில் கான்ட் இதைத் தொட்டிருக்கிறார். உயிரற்ற இயற்கையில் உள்ள அழகானவற்றைக் காரணமில்லாமல் அழிக்கும் மனப்போக்கு, மனிதன் தனக்குத்தானே செய்ய வேண்டிய கடமைக்கு எதிரானது என்பது அவர் கட்சி. அதாவது, கல்லுக்கு நாம் எதுவும் கடன்படவில்லை. ஆனால் கல்லை உடைத்துப் பழகும் கை நாளைக்கு வேறு எதையும் உடைக்கும். இதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு இது போதவில்லை. கல் இங்கே நம் குணத்துக்கு உடற்பயிற்சிக்கூடம் ஆகிவிடுகிறது. காணொளியைப் பார்க்கும்போது 'ஐயோ, இந்த மனிதனின் குணம் கெட்டுவிட்டதே' என்றா நான் பதறினேன்? கல் விழுந்ததைப் பார்த்துத்தான் பதறினேன்.

இன்னொரு பக்கம் ரிச்சர்ட் ரௌட்லி. 1973இல் பல்கேரியாவின் வர்ணா நகரில் நடந்த தத்துவ மாநாட்டில் ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகத்தில் கடைசியாக ஒரே ஒரு மனிதன் மிஞ்சியிருக்கிறான். சாவதற்கு முன் தன்னால் முடிந்தவரை மரம், விலங்கு எல்லாவற்றையும் அழிக்கிறான். பாதிக்கப்பட வேறு மனிதர் யாரும் இல்லை. அவன் செய்வது தப்பா? தப்பு என்று உள்மனம் சொன்னால், மனிதனைச் சாராத மதிப்பு ஒன்று உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிறது. பிரமாதமான கேள்வி. ஆனால் பிஸ்டியில் நின்று யோசித்தால் இதுவும் வழுக்குகிறது. கல்தூணுக்குத் தனக்கேயான மதிப்பு இருக்கிறது, அது நிற்பதே நல்லது என்றால், மழையும் அந்த நல்லதைத்தானே தினம் அழிக்கிறது? மழையை யாரும் திட்டுவதில்லை. இழப்பு ஒன்றுதான், அதே கல், அதே வீழ்ச்சி. ஒன்றுக்குக் கோபம், இன்னொன்றுக்கு வெறும் பெருமூச்சு.

இந்த வேறுபாட்டை மலேசியர்களாகிய நாம் 2015இல் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறோம். மே 30ஆம் தேதி கினபாலு மலையுச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உடை களைந்து படம் எடுத்தார்கள். மலையில் ஒரு கூழாங்கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் கினபாலுவை முன்னோர் உறையும் இடமாகக் கருதும் கடஸான்டுசுன் மக்கள் புண்பட்டார்கள். ஜூன் 5ஆம் தேதி நிலநடுக்கம். 18 பேர் இறந்தார்கள். 'கழுதைக் காது' என்ற இரட்டை முகட்டில் ஒன்று முறிந்து விழுந்தது. அதற்கு இது தண்டனை என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மலையேறிய பள்ளிப் பிள்ளைகள் ஏன் யாரோ செய்ததற்குச் சாக வேண்டும்? ஆனால் நிலநடுக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பயணிகள் செய்ததில் ஏதோ ஒரு தப்பு மிஞ்சுகிறது. ஒரு பக்கம் சேதமே இல்லாத தப்பு, மறுபக்கம் தப்பே இல்லாத பெரும் சேதம். ஆக, எவ்வளவு உடைந்தது என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

பிஸ்டியில் நடக்கும்போது எனக்கு வந்த ஓர் உணர்வை வைத்துத்தான் என் பதிலைச் சொல்ல முடியும். காலையிலிருந்து மதியம்வரை நான் பார்த்த எதையும் யாரும் செய்யவில்லை. யாரும் திட்டம் போடவில்லை, யாரும் யாருக்கும் காட்டுவதற்காக வைக்கவில்லை. நகரத்தில் என் கண் படும் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் எண்ணம் இருக்கிறது. நடைபாதைக் கல், விளம்பரம், தொட்டிச் செடி, இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிக்கும் திரை. எல்லாம் எதையோ கேட்கிறது. அங்கே எதுவும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்த ஆறுதலை வேறு எங்கும் நான் அடைந்ததில்லை. ஹூடூ ஒரு பொருளே அல்ல என்றும் தோன்றியது. மிக மெதுவாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி அது. எழுவதும் மெலிவதும் விழுவதும் சேர்ந்துதான் ஹூடூ. விழுவதும் அதற்குச் சொந்தம். தள்ளியவர் கல்லை அழித்தார் என்பதைவிட, யாருடையதாகவும் இல்லாத ஒரு முடிவைப் பிடுங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பட்ட தப்பு. அதனால்தான் கையை உயர்த்தினார். மழை கையை உயர்த்துவதில்லை.

இதை இவ்வளவு கோர்வையாக இல்லாவிட்டாலும் அண்ணனிடம் சொன்னேன். அவர் முட்டைக் கல் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அப்ப அம்மாவுக்கு நான் செஞ்சது?"

பெரியம்மா இறந்து அப்போது இரண்டு வருடம். ஒன்பது நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். மூளைக்கு இரத்தம் போகவில்லை, இனி எழ மாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்து, எல்லாரையும் கேட்டு, கடைசியில் தனியாகக் கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தை நிறுத்திய பிறகு பெரியம்மா நாற்பது நிமிடம் மூச்சு விட்டார். அத்தனை நேரமும் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார் அண்ணன். 'எப்படியும் போகப்போற உசுரு' என்று ஆறுதல் சொன்ன அதே உறவுக்காரர் ஒருவர், கருமாதி அன்று 'புள்ளையே முடிச்சு வச்சுட்டான்' என்று வெளியே நின்று பேசியதை அண்ணன் கேட்டுவிட்டார். அந்த 'எப்படியும் போகப்போற' என்ற சொல்தான் அவருக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. கல்லைப் பற்றி அவர் எரிச்சலாகப் பேசியது கல்லைப் பற்றியே அல்ல.

நான் அவருக்கு நியூ ஹாம்ப்ஷயரின் 'மலைக் கிழவன்' கதையைச் சொன்னேன். மலைமுகட்டில் கருங்கல் அடுக்குகள் சேர்ந்து, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கிழவர் முகம். பன்னிரண்டு மீட்டர் உயரம். அந்த மாநிலத்தின் சின்னமே அதுதான். கல் விலகுகிறது என்று தெரிந்ததும் சங்கிலி போட்டார்கள், சிமெண்ட் பூசினார்கள், கம்பி கட்டினார்கள், மழைநீர் உள்ளே போகாமல் வாய்க்கால் வைத்தார்கள். எண்பது வருடம் தாங்கிப் பிடித்தார்கள். 2003 மே 3ஆம் தேதி, யாரும் பார்க்காதபோது, கம்பியோடு சேர்ந்து விழுந்துவிட்டார் கிழவர். மக்கள் அடிவாரத்தில் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

"கம்பியைக் கழட்டறதும் தள்ளிவிடறதும் ஒண்ணில்லண்ணே" என்றேன். "கம்பி நாம போட்டது. அதை எடுத்தா, விழறது மறுபடியும் அதோடதாயிடுது."

"வெளியே நின்னு பாக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

அவர் சொன்னது சரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு கை தெரிகிறது, பிறகு ஒரு முடிவு வருகிறது. சோகமான முகத்தோடு தள்ளினால் தள்ளியது இல்லை என்றாகாது. அதேபோல, பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதனால் மட்டும் அண்ணன் செய்தது சரியாகிவிடாது. சரியாவது வேறு இடத்தில். அந்த நாற்பது நிமிடமும் பெரியம்மாவுடையது. யாரும் அவசரப்படுத்தவில்லை, யாரும் பிடித்து நிறுத்தவில்லை. முந்தைய ஒன்பது நாளும் இயந்திரத்துடையது. இதை அண்ணனிடம் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்து, அந்த மெலிந்த ஹூடூவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்.

என் பதிலில் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். பிஸ்டியில் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. எட்டுப் பேருக்குமேல் சேர்ந்து போகக் கூடாது, தீ மூட்டக் கூடாது, கல்லான மரத்தில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. ஆனால் 2015இல் அங்கே தேசியக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தது. 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட பென்டாசெரடாப்ஸ் டைனோசர் குட்டி ஒன்றின் எலும்புகளைச் சாந்துப் பொதியில் கட்டித் தூக்கிப் போய் அல்புகர்க்கி அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். எடுக்காமல் விட்டிருந்தால், அதை வெளியே காட்டிய அதே மழை அதைப் பொடியாக்கியிருக்கும். அதுவும் யாருடையதும் அல்லாத முடிவுதானே? திரும்பும் வழியில் காரில் அண்ணன் இதைத்தான் கேட்டார். குட்டியின் முடிவு எப்போதோ நடந்து முடிந்துவிட்டது, எடுத்தது அதன் சாட்சியை மட்டும்தான் என்றேன். "வக்கீல் மாதிரி பேசுற" என்றார். கொஞ்சம் அப்படித்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை நிலக்கரி. நாங்கள் மிதித்து நடந்த அதே கரிப் படிவத்தை, வடக்கே சிறிது தூரத்தில் நவஹோ சுரங்கம் பல பத்தாண்டுகளாக மண்ணைப் புரட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. பிஸ்டியும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான். 1984இல் வந்த சட்டம் ஒரு கோடு போட்டுத் தடுத்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லைத் தள்ளினால் குற்றம், அந்தப் பக்கம் ஒரு சமவெளியையே புரட்டினால் வேலைவாய்ப்பு. காணொளி வந்த அதே 2013இன் கடைசியில் அந்தச் சுரங்கத்தை நவஹோ அரசுக்குச் சொந்தமான நிறுவனம் வாங்கியது. அந்த மண்ணுக்கு நம் எல்லாரையும்விட நெருக்கமானவர்களின் முடிவு அது. அவர்களின் ஆயிரக்கணக்கான வீடுகளில் இன்னும் மின்சாரம் இல்லை.

"அந்த வீட்டுக்காரர்கிட்ட போய் உன்னோட ஆறுதலைச் சொல்லுவியா?" என்று அண்ணன் கேட்டார்.

சொல்ல மாட்டேன் என்றேன். விளக்கு வேண்டியவர் மண்ணைத் தோண்டுவதும், ஒன்றும் வேண்டாதவர் கல்லைத் தள்ளுவதும் எனக்கு ஒரே கணக்கில் வராது. ஆனால் வேண்டும், வேண்டும் என்றே ஒரு நாள் பிஸ்டிக்கும் யாராவது வருவார்கள். அன்றைக்கு அவர்களிடம் காட்ட என்னிடம் இருப்பது மதியம்வரை நடந்த ஒரு நடை மட்டும்தான். கைப்பேசியில் மின்னூட்டம் இறங்கியிருந்தது. அண்ணன் கார் சார்ஜரை நீட்டினார், மாட்டிக்கொண்டேன்.